எளிமையான இணையதளம், எளிமையான செயலி: ஏலமலைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழக, கேரள எல்லையில் இருக்கும் கம்பம், போடி, குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் வட்டாரத்தில் தோட்டம், கடை, விடுதி, டிராவல்ஸ் நடத்துபவர்களுக்கு இணையதளமும் மொபைல் செயலியும் வடிவமைத்துத் தருகிறோம். வேலை பேச வருகிறவர்களிடம் "எளிமையாகச் செய்வோம்" என்று சொன்னதும் கேள்விகள் வரிசையாக வரும். அவற்றுக்கான பதில்கள் இவை. சில பதில்கள் நீளம். அந்த இடங்களில் பேச விஷயம் இருக்கிறது.

எளிமை என்றால் திரையில் குறைவாக வைப்பதுதானே?

பாதிதான் சரி. திரையிலிருந்து ஒன்றை எடுத்தால், எடுத்தது எங்கே போனது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது மெனுவுக்குள் போய் ஒளிந்துகொண்டால் திரை சுத்தமாகத் தெரியும். பயன்படுத்துகிறவருக்குத் தேடும் வேலை கூடிவிடும்.

ஏலக்காய்த் தோட்டத்தின் வாரச் சம்பளக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மேலே போய்க் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய வீடு திரும்பும் ஓர் அம்மாவுக்கு அந்தச் செயலியில் என்ன வேண்டும்? அவர் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, இந்த வாரம் என் கணக்கு எம்புட்டு?" அதனால் செயலியைத் திறந்ததும் தொகை தெரிய வேண்டும், கை நீட்டிப் பிடித்தாலும் படிக்கும் அளவுக்குப் பெரிதாக. அதன் கீழே ஒரே வரி: 5 நாள் வேலை, 500 ரூபாய் முன்பணம் கழித்தது. அந்த வரியைத் தொட்டால் நாள்வாரியாக விரியும். சந்தேகம் வந்தவர் விரித்துப் பார்ப்பார், வராதவர் மூடிவிட்டுப் போவார். உரச் செலவு, காய் உலர்த்தும் ஸ்டோரின் கணக்கு, தோட்டத்தின் படங்கள் எதற்கும் அந்தத் திரையில் இடமில்லை.

அதே கணக்கை சூப்பர்வைசர் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். அவருக்குப் பெயர்ப்பட்டியல், பக்கத்தில் வருகைக் குறி, எடை போடும் கட்டம். ஒரே தகவல்தான், ஆனால் இரண்டு திரை. இருவரையும் ஒரே திரையில் அடைக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்கு ஆரம்பம்.

குறைப்பது மட்டுமே எளிமை என்று நினைப்பவர்கள் நோக்கியா 1100ஐ நினைவுபடுத்திக்கொள்ளலாம். 2003இல் வந்தது. கலர் திரை இல்லை, கேமரா இல்லை. ஆனால் டார்ச் இருந்தது, தூசி புகாத கீபேட் இருந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. கரண்ட் அடிக்கடி போகிற ஊர்க்காரருக்கு டார்ச் தேவை என்று தெரிந்தவர்கள் அதைச் சேர்த்தார்கள். யாருக்காகச் செய்கிறோம் என்பது தெளிவாக இருந்தால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதும் தெளிவாகிவிடும்.

எங்கள் தொழிலே சிக்கலானது. அதை எப்படி எளிமையாகக் காட்ட முடியும்?

தொழில் சிக்கலானதுதான், மறுக்கவில்லை. பச்சைக்காய் எடை ஒன்று, ஸ்டோரில் உலர்ந்து வந்தபின் எடை வேறு. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ காய்ந்த காய். பிறகு தரம் பிரிக்க வேண்டும், ஏலத்துக்கு அனுப்ப வேண்டும், வந்த விலையைக் கணக்கில் ஏற்ற வேண்டும்.

ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலும் ஆப்பிளிலும் வேலை செய்த லாரி டெஸ்லர், நாம் தினமும் செய்யும் கட், காப்பி, பேஸ்ட்டுக்குக் காரணமானவர்களில் ஒருவர். 2020இல் காலமானார். அவர் பெயரில் ஒரு விதி உண்டு: எந்தச் செயலியிலும் குறைக்கவே முடியாத சிக்கல் கொஞ்சம் இருக்கும், அதை யாராவது ஒருவர் சுமந்தாக வேண்டும். செய்கிறவர் சுமக்காவிட்டால் பயன்படுத்துகிறவர் தலையில் விழும். பொறியாளர் ஒரு வாரம் கூடுதலாக உழைப்பதா, லட்சக்கணக்கானவர்கள் ஆளுக்கு ஒரு நிமிடத்தைத் தினமும் இழப்பதா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. எங்கள் வேலை முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

இதற்கு மிக நல்ல உதாரணம் குமுளி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை. யுபிஐ 2016இல் வந்தது. அதற்கு முன் இன்னொருவர் கணக்குக்குப் பணம் போட வேண்டுமென்றால் கணக்கு எண் வேண்டும், 11 எழுத்து ஐஎஃப்எஸ்சி குறியீடு வேண்டும், பெயர் வேண்டும். ஓர் எழுத்து தப்பினாலும் சிக்கல். இப்போது ஸ்கேன், தொகை, பின் நம்பர் என்று மூன்று படியில் முடிகிறது. சிக்கல் மறைந்துவிடவில்லை. உங்கள் செயலி, உங்கள் வங்கி, நடுவில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், அந்தப் பக்கம் கடைக்காரர் வங்கி என்று நான்கு இடங்களில் செய்தி போய் வருகிறது. கடைக்காரர் கணக்கு எந்த மாநிலக் கிளையில் இருக்கிறது என்று டீ குடிக்கிறவர் யோசிக்க வேண்டியதில்லை. அந்தச் சுமையை அமைப்பு எடுத்துக்கொண்டது. தொகையை உரக்கச் சொல்லும் அந்தச் சின்ன ஸ்பீக்கரும் அதே வகை. கையில் டீ ஆற்றிக்கொண்டிருக்கும் மாஸ்டர் போனை எடுத்துப் பார்க்கவே வேண்டாம்.

உங்கள் செயலியிலும் இதையே தேடுவோம். எடை போடும்போது தேதி கேட்க வேண்டுமா? இன்றைய தேதியைச் செயலியே போட்டுக்கொள்ளட்டும், மாற்ற வேண்டியவர் மாற்றட்டும். நேற்று வேலைக்கு வந்தவர்கள் பட்டியல் இன்று காலை தானாக மேலே வரட்டும். வராதவர்களை மட்டும் சூப்பர்வைசர் எடுத்துவிட்டால் போதும்.

எதிர்க்கடை ஆப்பில் இன்னும் நிறைய வசதி இருக்கிறதே?

இருக்கட்டும். அவற்றில் எதை உங்கள் வாடிக்கையாளர் தேடி வந்து கேட்டார் என்று சொல்லுங்கள், அதை முதலில் செய்வோம். யாரும் கேட்காத வசதியையும் ஒவ்வொரு புது ஆண்ட்ராய்டிலும் சோதித்துப் பழுது பார்க்க வேண்டியிருக்கும். அதற்கான பணம் உங்களுடையது.

நிறையத் தேர்வு கொடுத்தால் வாடிக்கையாளருக்கு நல்லதுதானே?

இந்த இடத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் தப்பாகச் சொல்லப்படுகிறது.

2000ஆம் ஆண்டில் உளவியலாளர்கள் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் வெளியிட்ட ஜாம் ஆய்வு புகழ்பெற்றது. கலிஃபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் ஒரு நேரம் 24 வகை ஜாமும், இன்னொரு நேரம் 6 வகையும் ருசிக்க வைத்தார்கள். 24 வகையைப் பார்க்க அதிகம் பேர் நின்றார்கள். ஆனால் நின்றவர்களில் வாங்கியவர்கள் சுமார் 3 சதவீதம். 6 வகை வைத்தபோது சுமார் 30 சதவீதம். இதைக் காட்டி "தேர்வைக் குறை, விற்பனை பத்து மடங்காகும்" என்று வகுப்பெடுப்பவர்கள் உண்டு. ஆனால் இதே போன்ற பல சோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், சராசரி விளைவு ஏறத்தாழப் பூஜ்யம் என்று வந்தது. சில இடத்தில் தேர்வு அதிகமானால் மலைப்பு வருகிறது, சில இடத்தில் உதவுகிறது. எது எங்கே என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

1952இல் ஹிக் என்ற உளவியலாளரும் மறு ஆண்டு ஹைமனும் கண்டதையும் இப்படித்தான் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். தேர்வுகள் கூடினால் முடிவெடுக்கும் நேரம் கூடும் என்பது சரி. ஆனால் நேர்விகிதத்தில் கூடாது, மடக்கை விகிதத்தில்தான் கூடும், அதாவது தேர்வுகள் கூடக்கூட நேரம் கூடும் வேகம் குறையும். எட்டுப் பொத்தான் அதிகம் என்று நினைத்து நாலு நாலாக இரண்டு மெனுவுக்குள் பிரித்தால் வேகம் கூடிவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தேட வேண்டிய இடம்தான் இரண்டாகும்.

ஏலக்காய் சில்லறை விற்பவருக்கு எங்கள் யோசனை: தரத்தை நாலைந்தாகப் பிரித்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் "பாயசத்துக்கு", "டீத்தூளில் இடிக்க", "பரிசுக்கு" என்று எதற்கு என்பதை எழுதுங்கள். மி.மீ. அளவு தெரிந்தவர் கேட்டால் காட்டுங்கள். வாங்க வருகிறவருக்குத் தரப்பெயர் தெரியாது, வீட்டில் என்ன செய்யப்போகிறோம் என்பது தெரியும்.

விண்ணப்பப் படிவத்தில் என்னென்ன கேட்கலாம்?

கேட்டதை வைத்து நாளைக்கே ஒரு வேலை செய்வீர்கள் என்றால் கேளுங்கள். "பின்னால் பயன்படும்" என்று சேர்க்கும் கட்டங்கள்தான் படிவத்தைக் கெடுக்கின்றன.

நம் பகுதிக்கென்று இரண்டு கட்டங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது பெயர். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து இரண்டையும் கட்டாயமாக்குவது தமிழருக்குப் பெரும் தொல்லை. இனிஷியலை எங்கே போடுவது? அப்பா பெயரைக் கடைசிப் பெயரில் போட்டால் ஆதாரோடு ஒத்துப்போகுமா? மலைக்கு மேலே வீட்டுப்பெயரைச் சேர்த்து எழுதும் மலையாளிக்கும் இதே திண்டாட்டம். "பெயர்" என்று ஒரே கட்டம் வையுங்கள், நீளமாக. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும், பிரித்துக் கேட்க உண்மையான தேவை இல்லையென்றால் ஒரே கட்டமே போதும் என்றுதான் வழிகாட்டுகிறது.

இரண்டாவது முகவரி. போடியில் வீடு, சாந்தன்பாறையில் தோட்டம் என்று இருப்பவர்கள் இங்கே ஏராளம். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்ததும் மற்றதெல்லாம் பூட்டிக்கொள்ளும் படிவத்தில் அவர் எதைப் போடுவார்? தோட்டம் இருக்கும் இடம், தபால் வரும் இடம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பின்கோடு போட்டால் மாவட்டமும் மாநிலமும் தானே நிரம்பட்டும். ஒரு கட்டம் கூடுகிறது, குழப்பம் போய்விடுகிறது. இதுவும் எளிமைதான்.

போன் நம்பர் கேட்கும் இடத்தில் எண் கீபேட் தானாக வர வேண்டும். சின்ன விஷயம், ஆனால் எத்தனையோ படிவங்களில் இன்னும் இல்லை.

தமிழில் வைப்பதா, மலையாளத்திலா, ஆங்கிலத்திலா?

பயன்படுத்துகிறவர் மொழியில். அதை அவரே தேர்ந்தெடுக்கட்டும், ஒரே ஒருமுறை. "தமிழ்", "മലയാളം" என்று ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் எழுத்திலேயே இருந்தால் யாரும் தடுமாற மாட்டார்கள்.

இருக்கும் இடத்தை வைத்து மொழியைத் தீர்மானிக்கும் வசதி சமவெளி ஊருக்குச் சரிப்படலாம், எல்லைக்குச் சரிப்படாது. கூடலூர்க்காரர் வண்டன்மேட்டில் வேலை முடியும்வரை செயலி மலையாளம் பேசும், லோயர் கேம்ப் இறங்கியதும் தமிழுக்கு மாறும். இதில் அவருக்கு என்ன லாபம்? ஒருமுறை தேர்ந்தெடுத்ததை இடம் மாறினாலும் விடாமல் வைத்திருக்க வேண்டும்.

தமிழ் வார்த்தைகள் ஆங்கிலத்தைவிட நீளமானவை. ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுக் கடைசியில் தமிழை ஊற்றினால் பொத்தானுக்குள் எழுத்து பாதியில் வெட்டுப்படும், அல்லது எழுத்தைச் சுருக்கிவிடுவார்கள். தமிழிலேயே முதல் வரைபடத்தைப் போட்டால் இந்தப் பிரச்சினை வராது. மேலே ஏறும் கொக்கிகளுக்கும் கீழே இறங்கும் கால்களுக்கும் இடம் வேண்டும், அதனால் வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். மலையாளக் கூட்டெழுத்துகளுக்கும் அதே கணக்கு.

எண்களில் ஒரு வசதி இருக்கிறது. 1, 2, 3 என்பது இருபுறமும் ஒன்றுதான். தொகை, எடை, தேதி மூன்றையும் பெரிதாகக் காட்டினால் திரையின் பாதி வேலைக்கு மொழியே வேண்டியதில்லை.

படிக்கத் தெரியாதவர்களுக்கு ஐகான் மட்டும் வைத்தால் போதாதா?

போதாது. வீடு, போன், கேமரா போன்ற சில படங்கள் எல்லோருக்கும் புரியும். மற்றவை பழகினவருக்குத்தான் தெரியும். மெனுவைக் குறிக்கும் அந்த மூன்று கோடுகள் 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது. நாற்பது ஆண்டு தாண்டியும் அதைத் தொட்டுப் பார்க்காமலே செயலியை மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தின் கீழே ஒரு சொல் எப்போதும் இருக்கட்டும். படிக்கச் சிரமப்படுகிறவருக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை படித்துச் சொல்லும். வெறும் படத்தை யாரால் படித்துச் சொல்ல முடியும்? தொகையை வாசித்துக் காட்டும் பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது.

பொத்தான், எழுத்து எல்லாம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஆண்ட்ராய்டு வழிகாட்டுதலில் தொடும் இடம் 48 டிபி (திரையில் அளக்கும் அலகு), கிட்டத்தட்ட 9 மி.மீ. ஆப்பிளில் 44 பாயின்ட். இது குறைந்தபட்சம். மழைக்கோட்டு ஈரத்திலும், காய் எடுத்துக் கறை பிடித்த விரலிலும் தொட வேண்டியவர்களுக்குச் செய்யும்போது நாங்கள் அதற்கு மேலேயே போகிறோம், பொத்தான்களுக்கு நடுவே இடமும் விடுகிறோம்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்று இணைய அணுகல் தரம் சொல்கிறது. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் நிறம் அந்த எல்லையை ஒட்டி நிற்கும். அதைவிட வெளிறிய சாம்பல் எழுத்து ஏசி அறையில் நாகரிகமாகத் தெரியும், மெட்டு வெயிலில் காணாமல் போய்விடும். கறுப்பிலேயே எழுதுங்கள்.

டவர் இல்லாத இடத்தில் எளிமைக்கு என்ன வேலை?

அங்கேதான் அதிக வேலை. மலைச்சாலையில் ஒரு வளைவில் டவர் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. தோட்டத்துக்குள் போனால் இன்னும் மோசம். மூன்று பெரிய படங்கள் சுழலும் முகப்புப் பக்கம் அங்கே திறக்கவே திறக்காது.

மனிதர்கள் காத்திருப்பதைப் பற்றி, பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதிய அளவுகள் இன்றும் பொருந்துகின்றன: 0.1 நொடிக்குள் வந்தால் உடனே நடந்ததுபோல் இருக்கும். 1 நொடி வரை நினைப்பு அறுபடாது. 10 நொடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். அதனால் முதலில் எழுத்து வர வேண்டும், படம் பின்னால் வரலாம். போனிலேயே இருக்கும் தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்தினால் தனியாக எழுத்துருவை இறக்க வேண்டியதில்லை.

எடை போடும் செயலி டவர் இல்லாமலே இயங்க வேண்டும். பதிந்தது போனில் இருக்கட்டும், டவர் கிடைத்ததும் தானே போகட்டும். "போனில் பதிந்தது" என்றும் "ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது" என்றும் இரண்டு நிலையையும் தெளிவாகக் காட்ட வேண்டும். இதைக் காட்டாமல் விட்டால் சூப்பர்வைசர் சந்தேகத்தில் ஒரே எடையை இரண்டு முறை போடுவார், சம்பளத்தன்று சண்டை வரும்.

லாகின் எப்படி வைப்பது?

யூசர்நேம், பாஸ்வேர்டு வேண்டாம். வாட்ஸ்அப் 2009இல் தொடங்கியபோதே போன் நம்பரையே அடையாளமாக எடுத்துக்கொண்டது. பாஸ்வேர்டு மறந்துபோகும் பிரச்சினையே அங்கே இல்லை. போன் நம்பரும் ஓடிபியும் போதும், ஆனால் நம் பக்கத்து நடைமுறையை மனதில் வையுங்கள். அம்மாவின் கணக்கில் பதிந்திருக்கும் நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும். ஓடிபி அவருக்குப் போகும், அவர் போனில் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். ஓடிபி செல்லுபடியாகும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒருமுறை உள்ளே வந்தவரை அடிக்கடி வெளியே தள்ளாதீர்கள். ஒரே போனில் வீட்டில் இரண்டு மூன்று பேர் கணக்குப் பார்க்க வழி வையுங்கள்.

இப்படியெல்லாம் செய்தால் பார்க்க மொட்டையாக இருக்காதா?

நல்ல எழுத்துரு, சீரான இடைவெளி, ஒரே ஒரு அழுத்தமான நிறம் இருந்தால் இருக்காது. கவனமில்லாமல் செய்தால் எதுவும் மொட்டைதான்.

எளிமை கூடாத இடம் என்று ஏதாவது உண்டா?

உண்டு. இரண்டு இடம் சொல்கிறோம்.

ஒன்று, திருப்பி எடுக்க முடியாத செயல். பணம் அனுப்புவது, கணக்கை அழிப்பது, சம்பளத்தை முடித்து மூடுவது. இங்கே வேகத்தைக் குறைப்பதுதான் மரியாதை. யுபிஐயில் பின் போடும் முன் பெறுகிறவர் பெயர் திரையில் வருகிறதே, அந்த ஒரு நொடி நிறுத்தம் எத்தனையோ தவறுகளைத் தடுக்கிறது. எடை போடும் கட்டத்தில் 48க்குப் பதில் 480 என்று விழுந்தால் செயலி கேட்க வேண்டும்: "480 கிலோ என்று போட்டிருக்கிறீர்கள். வழக்கத்தைவிட மிக அதிகம். சரிதானா?" வெறுமனே "தவறான உள்ளீடு" என்று சிவப்பில் காட்டினால் எது தவறு, என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு, நாள் முழுக்க அதே வேலையைச் செய்யும் தேர்ந்தவர்களுக்கான திரை. மத்திய அரசின் நறுமணப்பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும் புற்றடியிலும் நடக்கிறது. ஏலத்தில் உட்காரும் வியாபாரிக்கு லாட் (ஒன்றாக விற்கும் சரக்குத் தொகுதி) எண், எடை, நடப்பு விலை எல்லாம் ஒரே பார்வையில் வேண்டும். மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே சில நொடிகளில் விலை சொல்லிவிடுவார். அவருக்குப் போய் "அடுத்து", "அடுத்து" என்று ஒவ்வொரு திரையாகக் காட்டினால் லாட் கையை விட்டுப் போய்விடும். அவருக்கு எண்கள் நெருக்கமாக அடுக்கிய திரைதான் எளிமை. கணக்குப்பிள்ளை, மருந்துக்கடைக்காரர், டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவர் எல்லோரும் இந்த வகை. அவர்களுக்கு ஒழுங்கு வேண்டும், காலியிடம் வேண்டியதில்லை.

நாலே பொத்தான் இருக்கும் திரைக்கு ஏன் இவ்வளவு நாள், இவ்வளவு பணம்?

நாலு என்று முடிவு செய்யத்தான் நாள் ஆகிறது. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் குழு 2012இல் வெளியிட்ட வடிவமைப்புக் கொள்கைகளில் ஒன்று, எளிமையாக்கும் கடின உழைப்பை நாமே செய்துவிட வேண்டும் என்பது. இதைவிடச் சரியாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. மேலே சொன்ன "நேற்று வந்தவர்கள் பட்டியல்" என்ற ஒரு வசதிக்கே எத்தனை கேள்வி பாருங்கள். ஞாயிறு விடுமுறையானால் திங்கட்கிழமை யார் பட்டியல் வரும்? பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருநாள் மட்டும் வந்தவரைச் சேர்ப்பதா? மழைக்காகப் பாதிநாளில் இறக்கிவிட்டவர்களுக்கு அரை நாளா, முழு நாளா? ஸ்டோரிலும் ஜீப் டிரைவரிடமும் கேட்டுத்தான் இதற்கெல்லாம் பதில் எடுக்க முடியும். கேட்காமல் செய்தால் இந்தக் கேள்விகள் எல்லாம் கட்டங்களாகத் திரைக்கு வந்துவிடும். அந்தச் செயலி சீக்கிரம் முடியும், மலிவாகவும் இருக்கும்.

எளிமையாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"நல்லாருக்கா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே நல்லாயில்லை என்று சொல்ல மாட்டார்கள். ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள்: "போன வாரம் நீங்க வாங்குன முன்பணம் எவ்வளவுன்னு இதுல பாத்துச் சொல்லுங்கம்மா." விரல் எங்கே போய் நிற்கிறது, எங்கே தயங்குகிறது, எப்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். உதவ வாய் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே சுமார் 85 சதவீதப் பிரச்சினைகள் வெளியே வந்துவிடும் என்று நீல்சன் 2000இல் எழுதினார். தேவைகள் வேறுபடும் இரண்டு கூட்டம் இருந்தால் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பேர் என்பது அவர் கணக்கு. நம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கும்: காய் எடுக்கும் தமிழ்ப் பெண்கள் ஒரு கூட்டம், ஸ்டோரில் கணக்கெழுதும் மலையாளி ஊழியர் இன்னொரு கூட்டம். காலையில் ஜீப் ஸ்டாண்டில் யாருக்கும் நேரமிருக்காது. சம்பளம் வாங்கும் நாள் சாயங்காலம் பாருங்கள். அவர்கள் சொந்த போனிலேயே பாருங்கள், கீறல் விழுந்த கண்ணாடியோடு.

குமுளியில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறேன். செயலி வேண்டுமா?

வேண்டாம். வருடத்தில் ஒருமுறை தேக்கடிக்கு வருகிறவர் உங்களுக்காக ஒரு செயலியை ஏன் இறக்க வேண்டும்? ஒரே பக்கத்தில் இணையதளம் போதும். அறை வாடகை, எத்தனை பேர் தங்கலாம், சாப்பாடு உண்டா, வண்டி நிறுத்த இடம், படகுத்துறைக்கு எவ்வளவு தூரம், வரைபடம், தொட்டால் பேசும் போன் நம்பர், வாட்ஸ்அப். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள் என்றால் அதிகாலை வெந்நீரும் சைவச் சாப்பாடும் உண்டு என்று மேலேயே எழுதுங்கள். வாடகையை மறைத்து "தொடர்பு கொள்ளவும்" என்று போடாதீர்கள். விலை தெரியாதவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

பழைய செயலிக்கே எல்லோரும் பழகிவிட்டார்கள். இப்போது மாற்றலாமா?

ஒரேயடியாக மாற்ற வேண்டாம். பழகின இடத்தில் பழகின பொத்தான் இருக்க வேண்டும் என்பதும் எளிமையின் ஒரு பகுதிதான். புதியவருக்கு வசதி செய்கிறேன் என்று பத்து வருடப் பழக்கத்தைப் பறிப்பது நியாயமில்லை.

முதலில் எந்தத் திரை எவ்வளவு திறக்கப்படுகிறது என்று ஒரு மாதம் கணக்கெடுங்கள். யாருமே தொடாததை முதலில் எடுங்கள், ஆனால் ஒருமுறை விசாரித்துவிட்டு. வருட முடிவில் ஆடிட்டருக்கு மட்டும் தேவைப்படும் அறிக்கை அந்த மாதத்தில் பூஜ்யம் என்றுதான் காட்டும். அடுத்து, அதிகம் திறக்கப்படும் திரையில் ஒரே ஒரு படியைக் குறையுங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் காய் எடுப்பு தொடங்கிவிட்டால் எதையும் தொடாதீர்கள். அறுவடை முடிந்து, கோடையில் ஆட்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்போது மாற்றுங்கள். பழைய திரைக்குத் திரும்பும் வழியை அடுத்த சீசன் முதல் சுற்று முடியும்வரை விட்டுவையுங்கள்.